ஏழாம் பாட்டின் இருட்டு

"இந்த ஏழாவது பாட்டை யாராவது வாங்கிக் கேப்பாங்களாம்மா?"

காளிதாசன் கேட்டது முன்னறையில் உட்கார்ந்திருந்த ஷீலாவிடம். நடுங்கியது சமையலறையில் நின்ற அவர் மனைவி திலகா.

காளிதாசன் மலேசியாவின் சுங்கைப்பட்டாணியிலிருந்து நாளிதழின் ஞாயிறு பதிப்புக்கு இசை மதிப்புரை எழுதுபவர். அவர் 'தேறாது' என்று எழுதிவிட்டால் அந்த இசைத்தட்டைக் கெடா மாநிலத்தில் எவரும் தொடமாட்டார்கள். ஷீலா, 'ரப்பர் விதை' என்னும் ராக் இசைக்குழுவில் டிரம் வாசிப்பவள். கோலா கெத்திலில் நடந்த கச்சேரியை அப்படியே பதிவு செய்து, குழுவின் முதல் இசைத்தட்டாக வெளியிடுவதற்கு முன் அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அவருடைய தீர்ப்பைக் கேட்டுப் போகத்தான் அவள் வந்திருந்தாள்.

அந்தக் கச்சேரிக்குத் திலகாவும் மகள் பிரேமலாவும் போயிருந்தார்கள். "வெறும் கூச்சல். பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாதே" என்று காளிதாசன் தடுத்திருந்தார். கோவிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் திலகா புறப்பட்டாள்.

ஏழாவது பாட்டின் நடுவில் மின்சாரம் நின்றது. மண்டபம் கடைவரிசையின் மேல்மாடியில். இறங்குவதற்கு ஒரே குறுகிய படிக்கட்டு. எங்கோ கம்பி கருகும் நாற்றம் வந்தது. கூட்டம் இருட்டில் படியை நோக்கிப் பாய்ந்தபோது பிரேமலாவின் கை திலகாவின் பிடியிலிருந்து நழுவியது.

அப்போதுதான் மேடையிலிருந்து அந்த டிரம் ஒலித்தது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் அணிவகுப்புக்கு அடிக்கும் தாளம். "கிரி, கானான், கிரி" என்று யாரோ மலாய் மொழியில் சேர்ந்து குரல் கொடுத்தார். முட்டி மோதிய கால்கள் பழைய பழக்கத்தில் இடம், வலம் என்று அடியெடுத்து வைத்தன. முன்னால் நிற்பவரின் தோளில் கைவைத்துக்கொண்டு கூட்டம் வரிசையாக இறங்கியது. பிரேமலாவும் யாருடைய சட்டையையோ பிடித்தபடி கீழே வந்து சேர்ந்தாள். அவளுடைய ஒரு சிலிப்பர் மட்டும் வந்து சேரவில்லை.

கோவில் வாசலில் தொலைந்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள்.

"பாடகரைக் காணோம், கிட்டாரைக் காணோம். வெறும் டிரம்மை வச்சு ஒரு பாட்டா?" காளிதாசனின் குரல் உயர்ந்தது.

"கரண்ட் போயிடுச்சு சார். பேட்டரியிலே ஓடுன ரெக்கார்டர் மட்டும் நிக்கல. படியிலே ஆளுங்க மிதிபடப் போறாங்கன்னு பயந்து, கைக்கு வந்ததை அடிச்சேன்."

"கைக்கு வந்தது பள்ளிக்கூடத்து மார்ச்சிங் தாளமா?"

"வேற எதை அடிச்சா கேப்பாங்க சார்? வந்தவங்க எல்லாம் தமிழ்ப்பள்ளி ஆளுங்க லா."

அவர் சிரிக்கவில்லை.

திலகா தேநீர்த் தட்டுடன் வந்தாள். பேசினால் பொய் உடையும். பேசாவிட்டால், பிள்ளையைக் காப்பாற்றியவளின் உழைப்பு குப்பைக்குப் போகும்.

ஷீலா நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வை திலகாவின் முகத்தில் ஒரு கணம் நின்று, பின்னால் வந்த பிரேமலாவிடம் இறங்கியது. அன்று கடைசி ஆளாகப் படியிறங்கி வந்து, ஒற்றைச் சிலிப்பரோடு அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தவள் ஷீலாதான்.

திலகா கணவருக்குத் தெரியாமல் 'வேண்டாம்' என்று தலையசைத்துவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"தேத்தண்ணி எடுத்துக்கம்மா."

"தேங்க்ஸ்க்கா. பாப்பா பேரு என்ன?" முன்பின் பார்த்திராதவள்போல் ஷீலா கேட்டாள்.

காளிதாசன் குறுக்கிட்டார். "மறுபடியும் போடுறேன். எங்கே தப்புன்னு நீயே சொல்லு."

வாரம் முழுவதும் அவர் ஹெட்போனில் கேட்ட பாட்டு அது. இப்போதுதான் திலகா முதன்முதலாகக் கேட்கிறாள். நாற்காலிகள் உருளும் சத்தம், பெண்களின் அலறல், முதல் டிரம் அடி.

"என்னங்க..."

"கேக்கிறப்போ பேசாதே."

ஒலிபெருக்கியில், வேறு எவருடைய குரலாகவும் இருக்கமுடியாத ஒரு சின்னக் குரல் அழுதது. "அம்மா, என் சிலிப்பரு..."

பிரேமலா தாயின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கணவரின் முகத்தில் அசைவே இல்லை.

"இங்கேதான்," என்றார் அவர். "இங்கே தாளம் இறங்கிப் போகுது. ஏன்?"

"பிள்ளை ஒண்ணு அழுதுச்சு சார். வேகமா அடிச்சா இன்னும் பயந்திடும்னு மெதுவாக்கினேன்."

காளிதாசன் பாட்டை நிறுத்தினார்.

"இசைன்னு பார்த்தா இதுக்கு மார்க் கிடையாது."

ஷீலா தலையைக் குனிந்துகொண்டாள். "வெட்டிடுறோம் சார். மத்த பாட்டாவது தேறட்டும்."

"மத்ததா? கிட்டாருக்குச் சுதி சேரலை. பாடுற பையன் பாதி வரியிலே மூச்சு வாங்குறான். இதையும் வெட்டிட்டா அப்புறம் இந்தத் தட்டுல கேக்க என்ன இருக்கு?"

"அப்போ என்னதான் எழுதப் போறீங்க சார்?"

"நான் எழுதலை. எங்க பத்திரிகையிலே எழுதுற இன்னொருத்தர், பரஞ்சோதிகிட்டே கொடுக்கச் சொல்லிட்டேன். நான் எழுதினா அது நடுநிலையா இருக்காது. அவர் வெட்டச் சொன்னாலும் நீங்க வெட்டாதீங்க."

ஷீலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்களுக்கு என்ன சார், நடுநிலை இல்லாமப் போக?"

காளிதாசன் அவளுக்குப் பதில் சொல்லாமல் திலகாவின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தடவை இவங்க கச்சேரிக்குப் போறப்போ பிள்ளைக்குச் சிலிப்பர் வேணாம். சப்பாத்து போட்டு, வாரை நல்லா இறுக்கிக் கட்டிக் கூட்டிட்டுப் போ."