தூண் வேண்டாத கூரை

ஒரு தகப்பனின் மானத்துக்கு இன்றைய விலை எட்டுத் தூண். கல்முனையில் இரும்புக் கடை வைத்திருக்கும் றம்ஸீன் ஹாஜியார் அந்த எட்டுக்கும் கம்பியும் சீமெந்தும் சும்மாவே தருவதாகச் சொல்லியும் மகள் ஸஜ்னா மசியவில்லை. அவள் வரைந்த முதல் கட்டடம் இது: பள்ளிக்கூட மைதானத்தின் பார்வையாளர் மண்டபம். பின்சுவரை மட்டும் நம்பி, முன்னால் ஒரு தூணும் இல்லாமல், படிவரிசைகளுக்கு மேலே நீள்கிறது கொங்கிறீற்றுக் கூரை. "இரும்புக் கடைக்காரன்ட மகள் இரும்புல மிச்சம் புடிக்கிறாள்" என்று ஊர் சிரிக்கிறது. கொங்கிறீற்று இறுகும்வரை கூரையைத் தாங்கி நின்ற முட்டுக்கம்புகளை இன்று கழற்றுகிறார்கள்.

"சுவர்ப்பக்கம் தொடாதீங்க டெனிஸ்ரன் அண்ணன், நுனியில இருந்து வாங்க" என்று மேசனிடம் சொல்கிறாள் ஸஜ்னா. "வாப்பா, நீங்க அங்கால போங்க." "நீ கீழ நிக்கக்குள்ள நான் எங்க புள்ள போற?" ஹாஜியாரின் உதடு ஓதிக்கொண்டே இருக்கிறது. கடைசிக் கம்பு மணலில் விழுகிறது. புழுதி அடங்குகிறது. கம்புக் காடு நின்ற இடத்தில் இப்போது காலை வெயில் மட்டும் சாய்ந்து கிடக்கிறது. ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மறைப்பில்லாமல் தெரிகின்றன. கடற்காற்று கேட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே வருகிறது. கூரை நிற்கிறது. டெனிஸ்ரன் ஏணியில் ஏறி நுனியை அளக்கிறார். "ரெண்டு நூல் இறங்கியிருக்கு, தங்கச்சி. கால் அங்குலம்." ஹாஜியாரின் முகம் வெளிறுகிறது. "மூணு நூல் இறங்கும் எண்டுதான் நான் கணக்குப் போட்ட, வாப்பா" என்று ஸஜ்னா சிரிக்கிறாள். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைக்கிறார்.

"அப்ப ஒரு நூல் லாபம் எண்டு சொல்லு, மகள்."