நோட்டில் ஏறாத ஒன்று

"ஒண்ணு விடாம சொல்லுங்க நர்சக்கா. எழுதிக்கிறேன்" என்று மகள் நோட்டை மடியில் விரித்துக்கொண்டாள்.

நர்சக்கா நர்ஸ் படிப்புப் படித்தவள் அல்ல. வயதானவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்பவள். நாலு வருடம் அந்த மூன்றாம் மாடி வீட்டிலேயே கிடந்ததில், கீழே காவலுக்கு இருப்பவர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் நர்சக்கா ஆகிவிட்டாள்.

கட்டிலில் அம்மா சாய்ந்திருந்தார். முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவர். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய இடது கையை வைத்துக்கொண்டே வீட்டை அதிகாரம் செய்தார்.

மறுநாள் மகள் அவரைத் தன் ஊருக்கு அழைத்துப் போகிறாள். வண்டியில் ஒரு பகல் தூரம். வருடத்துக்கு இரண்டு தரம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனவள், போன மாதம் வேலையை விட்டுவிட்டு, அன்று மதியந்தான் "இனிமே நானே பாத்துக்கறேன்" என்று வந்து நின்றாள்.

குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. பெற்ற மகள்.

நர்சக்கா சொல்லிக்கொண்டே போனாள்.

இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். தண்ணீரை அப்படியே கொடுத்தால் புரையேறும். பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். வெள்ளை மாத்திரையைப் பொடிக்கலாம், சிவப்பைப் பொடிக்கக் கூடாது. கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் கழிப்பறை அவசரம். ஒரு தட்டு என்றால் சும்மா வம்பு.

"வம்புன்னே எழுதிக்கறேன்" என்றாள் மகள்.

அம்மா சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை மூடினாள். "அவ்ளோதானாக்கா?"

நர்சக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தார்.

"அவ்ளோதாம்மா."

ஒன்று பாக்கி இருந்தது.

மறந்துபோகவில்லை. நுனி நாக்கு வரை வந்ததை அவளேதான் விழுங்கினாள். அது தெரியாமல் அம்மாவுக்கு ஒரு வேளைச் சாப்பாடு உள்ளே இறங்காது. மகள் தவித்துப்போவாள். போன் செய்வாள். 'நீங்க எப்படிக்கா குடுப்பீங்க' என்று கேட்பாள். அப்போது சொல்லிக்கொள்ளலாம். சொல்லி முடித்து, போனை அம்மா காதில் வைக்கச் சொல்லி, அந்தப் பக்கம் மூச்சுச் சத்தத்தையாவது கேட்கலாம்.

அந்த ஒரு போனுக்காகத்தான். இப்படி ஓர் ஆசை தனக்குள் இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் வண்டி கிளம்பிப் போயிற்று. நர்சக்கா பையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள்.

அடுத்த நாள் மதியமே போன் வரும் என்று இருந்தாள். குளிக்கப் போகும்போதும் அதைக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு மணிக்கொரு தரம் கை தானாக எழுந்தது. புரட்டிவிட யாரும் இல்லை.

ஒரு தரம் மணி அடித்தது. ஆள் அனுப்பும் ஏஜென்சி. வேறு ஒரு வீடு, தனியாக இருக்கும் பெரியவர், எப்போது சேரலாம் என்று கேட்டார்கள். "ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டாள். பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மகள் கூப்பிட்டுவிட்டால்?

மூன்றாம் நாள், ஆசை இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

பட்டினியாகக் கிடக்கிறாரோ. மூக்கில் குழாய் போட்டிருப்பார்களோ. பேச வாயில்லாத ஒருத்தரின் சாப்பாட்டிலா விளையாடினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மதியம் அவளே கூப்பிட்டாள்.

"நானே பேசணும்னு இருந்தேங்க்கா. ஒரு நிமிஷம் உக்கார முடியல. அம்மா நல்லா இருக்காங்க. இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சோம்."

"சாப்பிடறாங்களா?"

"முதல் வேளை வாயையே தொறக்கல. ஸ்பூனக் கொண்டுபோனா, இடது கையால என் பக்கமே திருப்பி விடறாங்க. ஒரு மணி நேரம் போராடினேன். அப்புறந்தான் பழசெல்லாம் ஞாபகம் வந்துச்சு. அம்மா எப்பவும் அப்படித்தாங்க்கா. பக்கத்துல இருக்கறவங்க முதல் வாய் சாப்பிட்டாத்தான் அவங்க வாய்ல வைப்பாங்க. நான் ஒரு வாய் சாப்பிட்டேன். உடனே ஆன்னு காட்டிட்டாங்க."

மகளின் குரல் சிரிக்கிறதா அழுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"உங்களுக்கு இது தெரியாதாக்கா?"

நாலு வருடம். நாளுக்கு மூன்று வேளை. அந்த வீட்டில் முதல் வாய் நர்சக்காவுடையது. சம்பளத்துக்கு வந்த இடத்தில், இவள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்று ஒருத்தர் ஒரு வேளைகூட விடாமல் பிடிவாதம் பிடித்திருந்தார். அதற்கு முன் அவளுக்காக யாரும் தட்டின் முன்னால் காத்திருந்ததில்லை.

தெரியும் என்றால், ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

"தெரியலியேம்மா" என்றாள்.

"பாவம்க்கா நீங்க. அப்ப இத்தன வருஷமா எப்படித்தான் சாப்பிட வச்சீங்களோ."

நர்சக்கா போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எப்படியோ சாப்பிட்டாங்கம்மா."