இரண்டாம் கியர்

"இன்னும் ஒரு போத்தல் கூடத்தான் குடிக்குது, தம்பி."

ஸ்ரனிஸ்லஸ் தன் வாடகைக் காரோடு இப்படி வந்து நிற்பது மூன்றாவது தடவை.

யோகநாதனுக்கு முகம் கறுத்தது. யுத்தத்தால் பெற்றோல் கண்ணிலேயே படாத காலம். பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைப்பதில் விசுவமடுவில் அவனுக்குத்தான் பேர். இந்த ஏ40 காருக்குக் காபரேற்றரைக் கழுவினான், பிளக் மாற்றினான், ஸ்பெயார் ரயரைக்கூட இறக்கிவைத்தான்.

"இப்பிடியே போனால் கார் ஓட்டத்தை நிப்பாட்ட வேண்டியதுதான்."

"இண்டைக்கு நானும் வாறன் அண்ணை. எங்கை குடிக்குதெண்டு பார்க்காமல் இறங்கமாட்டன்."

டிக்கி நிறைய மூட்டை. மூடியைக் கட்டிய கயிற்றின் நுனி நிலத்தில் கிடந்தது.

"இதென்ன வால்? வெட்டிவிடட்டோ?"

"கிடக்கட்டும்."

கார் சீராகத்தான் ஓடியது. மதகடி தாண்டியதும் ஸ்ரனிஸ்லஸ் இரண்டாம் கியருக்கு மாறினார். ஒரு மைல் கட்டை தூரம் போயும் மாற்றவில்லை.

"மூண்டைப் போடுங்கோ. பள்ளம் ஒண்டும் இல்லையே."

"பொறு."

"எண்ணெய் முழுக்க இதிலைதான் போகுது. மாட்டுவண்டியும் முந்தப்போகுது."

பின் சீட்டில் நெருக்கியடித்து இருந்த நாலு பேரும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவனுக்குப் புதினமாக இருந்தது. யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தான்.

புழுதிக்குள் ஒரு சைக்கிள். அதை ஓட்டுகிறவரின் ஒரு கையில் கயிற்று நுனி. ஒரு கால் மிதியில். மற்றக் காற்சட்டைக் கால் முழங்காலோடு மடித்துக் குத்தியிருந்தது.

"அண்ணை, அப்புத்துரை மாஸ்ரரெல்லே தொங்கிக்கொண்டு வாறார்?"

"தலையை உள்ளை எடு. ஏறுங்கோ மாஸ்ரர் எண்டு எத்தினை தரம் கேட்டனான். ஏறமாட்டார். இது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுத்தான் பிடிக்கிறார்."

"அப்ப ஏன் என்னட்டை வந்தனீங்கள்?"

"வேறை எதிலையாவது மிச்சம் பிடிச்சுத் தருவாய் எண்டுதான்."

பள்ளிக்கூடத்தடியில் மாஸ்ரர் கயிற்றை விட்டார். ஸ்ரனிஸ்லஸ் மூன்றாம் கியரைப் போட்டார்.

யோகநாதன் மறுபடி தலையை நீட்டிக் கயிற்றைப் பார்த்தான்.

"நாளைக்குக் காரைக் கொண்டாங்கோ அண்ணை. இரண்டாம் கியரிலை எண்ணெயை எப்பிடிக் குறைக்கலாமெண்டு பார்ப்பம்" என்றான். "அந்தக் கயிறும் நைஞ்சுபோச்சு. என்னட்டை நல்லதொண்டு கிடக்கு."