மாஸ்டரின் சிங்கம்

சர்க்கஸ் மாஸ்டர் கோவிந்தோஜி செத்த பிறகு அவர் பேரில் ஒரு சின்ன மியூசியம் வைத்தார்கள். அவருடைய சாட்டையும் சரிகைக் கோட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. கூடத்தின் நடுவில் அவருடைய சிங்கம் வாயைப் பிளந்தபடி நின்றது. வந்தவர்கள் அதன் வாய்க்குள் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

குட்டிகளைப் பூனையிடமிருந்து காப்பாற்ற இடம் தேடி அலைந்த ஒரு தாய் எலி, கூட்டம் போனதும் சிங்கத்தின் தாடையில் ஏறியது.

"அண்ணே, திடீர்னு வாயை மூடிட மாட்டீங்களே?"

"மாஸ்டர் தினமும் இதுக்குள்ள தலையை விடுவாரு, தங்கச்சி. ஒரு நாளும் மூடினதில்ல."

"மூடணும்னு தோணவே இல்லியா?"

"வால்ல சூடு வெச்ச அன்னிக்குத் தோணிச்சு. பல்லு அவர் கழுத்துல பட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"மூடியிருந்தா சும்மா விடுவாங்களா? சுட்டுக் கொன்னு, தோலை உரிச்சு, வைக்கோலை அடைச்சு எங்கயாவது நிறுத்தியிருப்பாங்க. உயிர் பெரிசில்லியா?"

எலி அதன் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தது.

"ஆமாண்ணே, உயிர்தான் பெரிசு" என்றது.

பிறகு உள்ளே இறங்கி, சிங்கத்தின் வயிற்றிலிருந்த வைக்கோலைச் சத்தம் வராமல் ஒதுக்கி, குட்டிகளுக்கு இடம் பண்ணியது.