வியாழக்கிழமைக் கசிவு

இதை எனக்கு முதலில் சொன்னவள் நெவியானாவேதான். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு அடங்கவில்லை.

வார்னா நகரில் ஓர் எட்டுமாடிக் குடியிருப்பின் உச்சியில் அவள் தனியாக இருந்தாள். பொறியியலில் பட்டம், பயன்பாட்டுக் கணிதத்தில் முதுநிலைப் பட்டம். குழாய்களுக்குள் நீரழுத்தம் அலையாக ஓடுவதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு முடியும் தறுவாயில் இருந்தது. உதவித்தொகையோ வசந்தத்திலேயே நின்றுவிட்டது. இரவு உணவு ரொட்டியும் தேநீரும்தான். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பாள்.

எதிர்வீட்டுப் பென்கா வியாழக்கிழமைதோறும் மாலையில் கதவைத் தட்டுவாள்.

"ஏன்டி, குழாய் மறுபடியும் ஒழுகுது. தண்ணியைப் பத்தித்தானே இத்தனை வருஷமாப் படிக்கிறே? வந்து பாரு."

குழாய்க்காரனுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல், படிக்கிற பெண்ணைப் பிழிந்தெடுக்கிறாள் என்று மற்ற வீட்டார் முணுமுணுத்தார்கள்.

நெவியானா பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் மல்லாந்து படுத்துக் குழாயின் நட்டை முடுக்குவாள். எழுந்ததும், அரிசியும் கறியும் அடைத்த குடைமிளகாயைத் தயிரோடு அவள் முன்னால் தள்ளுவாள் பென்கா. வேலை செய்தவளை வெறுங்கையோடு அனுப்பினால் ஊர் தன்னைத்தான் பேசும் என்று கடுகடுப்பாள். கூலி என்பதால் நெவியானாவும் மறுத்ததில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. ஒவ்வொரு முறையும் நட்டு சரியாகக் கால் சுற்றுத் தளர்ந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் புது நட்டு வாங்கியிருப்பார்கள். இவள் தாளை எடுத்தாள். மாலையில் எட்டு மாடிக்காரர்களும் குழாயைத் திறந்து மூடினால் அழுத்தம் எவ்வளவு அதிரும், அந்த அதிர்வு நட்டை எவ்வளவு அசைக்கும் என்று தன் ஆய்வேட்டுச் சூத்திரத்தைக் கொண்டே கணக்கிட்டாள். பத்தாண்டு ஆனாலும் அது அசையக்கூடாது என்றது விடை.

அடுத்த வியாழனும் நட்டு தளர்ந்திருந்தது.

அப்படியானால் சூத்திரம் தவறு. சூத்திரத்தை நம்பி எழுதிய ஆய்வேடும் தவறு. திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "நாளைக்கே ஆய்வேட்டைத் திருப்பி வாங்கிக்கப் போறேன், அத்தை."

பென்காவின் கரண்டி நின்றது. "இந்த நட்டுக்காகவா?"

"என் கணக்குப்படி அது கழலவே கூடாது."

பென்காவின் முகம் சிவந்தது. சமையல் மேலங்கியின் பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உன் கணக்கு சரியாத்தான்டி இருக்கு. என் கையை நீ அதுல சேர்க்கலை, அவ்வளவுதான். சாப்பிட வான்னா வரமாட்டே, வேலைன்னா ஓடி வருவே. நான் வேற என்னத்தைப் பண்ண?"

திங்கட்கிழமை காலை, எல்லாம் தண்ணீரைப் போலத் தடங்கலின்றி ஓடட்டும் என்று பென்கா படியில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள். ஓடத்தான் செய்தது. சூத்திரத்தை நடைமுறையில் சோதித்ததுண்டா என்று தேர்வாளர் ஒருவர் கேட்டபோது, வாரந்தவறாமல் சோதித்திருப்பதாக நெவியானா கண்ணிமைக்காமல் சொன்னாள்.

பட்டம் வந்தது; துறைமுகத்தில் வேலையும் கிடைத்தது. இனி நீங்கள் என் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று பென்காவைப் பலமுறை அழைத்துப் பார்த்தாள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றாள் பென்கா.

முதல் சம்பளம் வந்ததை அடுத்த வியாழக்கிழமை, நெவியானா குடைமிளகாயை அடுப்பில் வைத்துவிட்டு எதிர்க்கதவைத் தட்டினாள்.

"அத்தை, என் வீட்டுக் குழாய் ஒழுகுது. விளக்குப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

முணுமுணுத்துக்கொண்டே வந்த பென்கா, தொட்டிக்கடியில் குனிந்து நட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

தளர்ந்திருந்தது, சரியாகக் கால் சுற்று.