கையால் மட்டும்

ஒருகொடவத்தை கன்டெய்னர் யார்டில் எங்கள் வேலை, தினமும் நாற்பது சேர்வர்களுக்கு ஒவ்வொன்றாகப் பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போய்ச் சரிபார்ப்பது. எக்ஸலில் மக்ரோ எழுதி, கை வைக்காமல் எல்லாத்தையும் தானாக ஓடவிட்டால் வேலை போகும் என்று மனேஜர் ஹரிசன் சொல்லியிருந்தார்.

ஒருநாள் லொகின் பதிவுகளோடு என் பக்கத்து மேசைச் சாம்பவியிடம் வந்தார்.

"சாம்பவி, ஒரு மாசமா நீர் ஒரு பிழையும் விடேல்லை. மக்ரோதானே?"

"ஐயோ சேர், கையாலதான் அடிச்சனான்!" அவர் முன்னாலேயே நாற்பதையும் அடித்துக் காட்டித் தப்பினாள்.

பிறகு என் பதிவைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"நிக்கலஸ் அங்கிளைப் பாருங்கோ. தினமும் ரெண்டு பாஸ்வேர்ட் பிழை. பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டியிருக்கிறார். இவரெல்லோ மனுசன்!"

அடக்கமாகத் தலையாட்டினேன். பிழை விடவும் தேத்தண்ணி குடிக்கவும் என் மக்ரோவைப் பழக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது.