வைக்காத கட்டை

ஓடென்ஸே நகரில் பிளாஸ்டிக் கட்டைகளால் மாயக் கோட்டை கட்டும் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோட்டையைக் கட்டியவரே கடைசிக் கட்டையை வைக்கக் கூடாது. அவர் வீட்டில் ஒருவர்தான் வைக்க வேண்டும்.

ப்ரெபன் தன் மந்திரவாதிக் கோட்டையை முடித்த அன்று தங்க நிறக் கட்டையோடு மனைவியைக் கூப்பிட்டார். "பிர்த்தே, ஒரு நிமிஷம் வந்து இதை வச்சிட்டுப் போயேன்."

"கையெல்லாம் மாவு. கோட்டை என்ன ஓடியா போயிடப்போகுது? நாளைக்கு வைக்கிறேன்."

மறுநாள் காலையில் அவர் எழவில்லை.

தன் கோட்டைகளில் எல்லாம் அவர் ஒளித்துவைக்கும் தொப்பிக்காரப் பொம்மையை பிர்த்தே அவருடைய சட்டைப் பையில் போட்டு அவரை அடக்கம் செய்தாள். கோட்டையைப் பிரித்துச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். தங்கக் கட்டை மட்டும் கிடைக்கவில்லை.

சங்கத்தின் அடுத்த கண்காட்சி முடிந்ததும் எங்களில் ஒருவனான ஹென்னிங் தன் கோபுரத்தைப் பிரித்தான். பிர்த்தே எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்து பாருங்களேன். உள்ள இடமே விடாமத்தானே அடைச்சேன்?"

கட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன அறை இருந்தது. அதில் தொப்பிக்காரப் பொம்மை நின்றது. நீட்டிய கையில் தங்கக் கட்டை.

பிர்த்தே சுத்தமாக இருந்த கைகளை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நின்றாள்.